பழைய விளையாட்டும் பழைய பயமும்



விடுமுறைக்கு வந்த பேரன், அவன் அப்பா பத்திரமாக வைத்திருந்த பழைய பிளேஸ்டேஷனை எடுத்து 'சைலன்ட் ஹில்' விளையாடினான். 1999இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட திகில் விளையாட்டு. "முகமெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு பாட்டி, இதுக்கா அப்பா பயந்தாரு?" என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஹாரி என்பவர் ஏழு வயது மகள் ஷெரிலைத் தொலைத்துவிட்டு, பனி மூடிய அமெரிக்க ஊரொன்றில் தேடுகிறார். தூரத்தில் இருப்பதையெல்லாம் வரைந்து காட்ட அந்தக் கால இயந்திரத்துக்குச் சக்தி போதாது. பனி அதை மறைத்தது. ஆனால் பயமே அந்தப் பனியில்தான் இருக்கிறது. ஏதோ நெருங்கினால் முதலில் ரேடியோதான் இரைகிறது. ஹாரியும் வீரரல்ல, ஓடினால் மூச்சு வாங்குகிறது, சுட்டால் குறி தப்புகிறது.

தேடல் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போனது. இருட்டு வகுப்பறைகள், ஆளில்லாத இருக்கைகள். பேரனின் சிரிப்பு நின்றது. எனக்கு வியர்த்துவிட்டது.

ஒருமுறை மாமல்லபுரம் சுற்றுலாவில் பிள்ளைகளை எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. மூன்றாம் வகுப்புப் பெண். அரை மணி நேரம் கழித்து ஐஸ் வண்டி அருகில் நின்றிருந்தாள். அந்த அரை மணி நேரம் இன்றும் என் கனவில் வருகிறது.

படம் பழசாகிவிட்டது, உண்மை. பிள்ளையைக் காணோம் என்ற பயம் பழசாகவில்லை. "பாப்பா கிடைச்சிடுவாளா பாட்டி?" என்று பேரனே கேட்டான்.

அன்று ஐஸ் வண்டி அருகில் நின்றவள் இதைப் படித்தால், ஒரு வரி எழது அம்மா என்று கேட்கமாட்டேன். நலமாக இருந்தால் போதும்.