சுரண்டல் உப்பு

ஆபீஸ் உத்தியோகத்துக்குக் கடைசி நாள் என்று ஒன்று உண்டு. தேதி முன்கூட்டியே தெரியும். மாலை, காராபூந்தி, இரண்டு பேர் பேச்சு, குரூப் போட்டோ. ஸீஸன் வேலைக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. அதன் கடைசி நாள், கடந்து நாலைந்து நாள் ஆன பிறகுதான் கடைசி நாள் என்று பெயர் பெறுகிறது. இது சம்பளம் சம்பந்தப்பட்ட வித்தியாசம் மட்டும் இல்லை. ஒரு மனிதன் தன் காலத்தை எப்படி உணர்கிறான் என்பதும் இதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் இதைத் தெரிந்துகொண்டது 1977ல், எண்ணூருக்கும் அத்திப்பட்டுக்கும் இடையே ஓர் உப்பளத்தில்.

பி.காம். முடித்து, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டுத் தண்டையார்பேட்டை வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் அந்த வேலை வந்தது. நிலம் மத்திய சர்க்காரின் உப்பு இலாகாவுடையது. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் கணக்கு எழுத ஓர் ஆள் தேவை. பிப்ரவரியிலிருந்து மழை வரை. 'மழை வரை' என்றுதான் சொன்னார்கள். அப்பா அதை அக்டோபர் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிகாலை பாசஞ்சர் வண்டி. அத்திப்பட்டில் இறங்கி வரப்பின் மேல் ஒரு மணி நேர நடை. சனிக்கிழமை சாயந்தரம் அதே வழியில் திரும்புவது. நடுவில் ஐந்து ராத்திரிகள் கீற்றுக் கொட்டகையில். குடிக்கிற தண்ணீர் பீப்பாயில் மாட்டு வண்டி ஏறி வரும். ராயபுரத்திலிருந்து பார்த்தால் பத்துப் பன்னிரண்டு மைல்தான். ஆனால் மரம் கிடையாது, கடை கிடையாது, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடு கிடையாது. தெற்கே எண்ணூர் அனல்மின் நிலையம். 1970ல் ஓட ஆரம்பித்து, 450 மெகாவாட் வரை வளர்ந்திருந்தது. ராத்திரி முழுக்க அங்கே விளக்குகள். எங்கள் கொட்டகையில் ஓர் அரிக்கேன். மின்சாரம் உற்பத்தியாகிற இடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருட்டில் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்று பிற்பாடு நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் அதைக் குறியீடாக எடுத்துக்கொண்டார்கள். அது குறியீடு இல்லை. எனக்குப் படிக்க வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். 1806ல் எண்ணூர் வரைக்கும் வெட்டப்பட்டது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலை என்ற பெயரில், பசித்த ஜனங்களை மண் சுமக்க வைத்து நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் அதனால் இணைத்தார்கள். அதுவும் மழை வரும்வரையிலான வேலைதான். எங்கள் நாளில் கால்வாயில் எப்போதாவது ஒரு படகு கிளிஞ்சலோ விறகோ ஏற்றிக்கொண்டு போகும்.

உப்பு விளைகிற விதம் எளிமையானது. கடல் தண்ணீர் போமே மானியில் 3 டிகிரி காட்டும். பாத்தி மாற்றிப் பாத்தியாக வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டால் ஏறிக்கொண்டே போகும். வழியில் ஜிப்சம் அடியில் தங்கிவிடும். 25 டிகிரியில் உப்புப் பூக்கத் தொடங்கும். 30ஐ நெருங்கவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும், அந்தத் தண்ணீரை வெளியே திறந்துவிட வேண்டும். கண்ணாடி மானி என் வசம் இருந்தது. மேஸ்திரி அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார், விரலை நனைத்து நாக்கில் வைப்பார். அவர் சொல்வதும் மானி சொல்வதும் அநேகமாக ஒன்றாக இருக்கும். நான் மானி சொன்னதை எழுதுவேன். நோட்டில் நாக்குக்குப் பத்தி இல்லை.

ஸீஸனின் நடுவில், அதாவது ஏப்ரல், மே, ஜூனில், உப்பை வாருவார்கள். பாத்தியில் பாளம் கனமாக இருக்கும். நீளக் கழியில் பொருத்திய மரப்பலகையால் மேலாக இழுத்தால் போதும், அடிமண் கலங்காது. வெள்ளை உப்பு வரப்போரம் குவியும். பெண்கள் கூடையில் எடுத்துப் போய் மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவார்கள். செப்டம்பர் பாதிக்கு மேல் இது மாறும். மேற்கே சாயந்தரம் இடி கேட்கும். கடற்காற்று தாமதித்து வரும். பாளம் கனமாகக் காத்திருக்க யாருக்கும் தைரியம் இராது. ஒரு மழை பெய்தால் பாத்தியில் கிடப்பது கரைந்துவிடும், 25 டிகிரித் தண்ணீர் மறுபடியும் வெறும் தண்ணீர். ஆகவே மெல்லிய உப்பையே எடுக்க ஆரம்பிப்பார்கள். அப்போது பலகை மண்ணில் உரசும். இதற்கு வாருவது என்று பெயர் இல்லை, சுரண்டுவது.

அந்த வருஷங்களில் எங்கள் இலக்கியக் கூட்டங்களில் அதிகம் அடிபட்ட வார்த்தைகளில் சுரண்டல் ஒன்று. வாரம் ஐந்து நாள் அதன் முதல் அர்த்தத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதன் இரண்டாவது அர்த்தத்தைப் பற்றி நடந்த விவாதங்களைக் கேட்டேன். பேசியவர்கள் தவறாகப் பேசவில்லை. ஆனால் வார்த்தை அவர்கள் கையில் எடையற்று இருந்தது. 1979ல் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' வந்தது. தூத்துக்குடி அளங்களுக்கு நேரில் போய்ப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார் என்பதே அப்போது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

சுரண்டிய உப்பு சாம்பல் நிறத்தில் இருக்கும். அதற்கு விலை குறைவு. ஆனாலும் கருவாடு போடவும் தோல் பதனிடவும் வாங்க ஆட்கள் இருந்தார்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் குத்தகைக்காரர் வந்து, மட்ட உப்புக்குச் சுமைக்கூலி முக்கால்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். என் நோட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டேன். மறுநாள் காலை முதல் கூடை இறங்கியதும் பெண்களில் மூத்தவர், எல்லோரும் ஆயா என்று கூப்பிடுகிறவர், என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, புச்சா கோடு போட்டுக்கினு கீறே?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். படிக்கத் தெரியாதவர்.

"வெள்ளையோ கருப்போ, கூடை ஒரே கூடைதானே? தலை ஒரே தலைதானே?"

கூடையைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை, சங்கம் இல்லை. அன்றைக்கு முழுவதும் வேலை நடக்கவில்லை. மறுநாளும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். வரப்போரம் சுரண்டிக் குவித்த உப்பு அப்படியே கிடந்தது. மேஸ்திரி வானத்தைப் பார்ப்பதும் அவர்களைப் பார்ப்பதுமாக இருந்தார். மூன்று மணிக்கு மேற்கே கருத்தது. ஆள் ஓடி, குத்தகைக்காரர் மிதிவண்டியில் வரப்பைப் பிடித்து வந்து சேர்ந்தார். மேகத்தைப் பார்த்தபடியே, இந்த வருஷத்துக்கு முழுக்கூலி, அடுத்த வருஷம் பேசிக்கொள்ளலாம் என்றார். அம்பாரத்தின் மேல் பனையோலை வேய்ந்து முடிக்க இருட்டிவிட்டது. அன்று மழை வரவில்லை.

நான் பல வருஷங்களாக யோசித்துக்கொண்டிருப்பது இந்த மேகத்தைப் பற்றி. மார்ச்சில் அவர்கள் உட்கார்ந்திருந்தால் வேறு ஆள் வைத்திருப்பார்கள். உப்பு காத்திருக்கும். அக்டோபருக்குப் பக்கத்தில்தான் உப்பால் காத்திருக்க முடியாது. எந்த மேகம் அவர்களுடைய வேலையை முடிக்கப் போகிறதோ அதே மேகம்தான் வருஷத்தில் ஒரே ஒரு தடவை அவர்களுக்குப் பலம் தந்தது. பலம் வந்து சேரும்போது வேலை தீர்ந்துபோகிறது. ஸீஸன் வேலையின் அமைப்பே இதுதான். இதை அநீதி என்று சொல்வது சுலபம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் இருக்கிற துல்லியம் என்னைப் பயமுறுத்துகிறது.

ஜெயித்த கால்கூலியின் கதையும் இருக்கிறது. ஜனவரியில் பாத்தி மிதிக்கிறபோதே எல்லோரும் முன்பணம் வாங்கியிருந்தார்கள். கடைசி வாரங்களில் என் வேலை அதைக் கழித்துக்கொண்டே வருவது. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். போராடி வாங்கிய கால்கூலி வரவுப் பக்கத்தில் ஏறி, அதே வரியில் முன்பணத்துக்குப் போய்விட்டது. காசாக அவர்கள் கைக்கு வரவில்லை. ஆயாவின் பக்கத்தில் 40 ரூபாய் பாக்கி நின்றது. அதை அடுத்த வருஷத்து நோட்டின் முதல் பக்கத்துக்கு எடுத்துப்போக வேண்டும். வேலைக்குத்தான் ஸீஸன், கடனுக்கு இல்லை.

அக்டோபர் இரண்டாவது வாரத்தில் ஒரு ராத்திரி பெய்தது. பெரிய மழை என்று சொல்ல முடியாது. காலையில் வரப்புகளுக்கு நடுவே ஒரே தண்ணீர், அதில் புகைபோக்கிகள் தலைகீழாக. எல்லோரும் வழக்கம்போல வந்தார்கள். சும்மா நின்றார்கள். ஸீஸன் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. வெயில் அடித்தால் இன்னும் ஒரு வாரல் கிடைக்கலாம் என்று மேஸ்திரி சொன்னார். மறுநாள் பாதிப் பேர் வந்தார்கள். அதற்கும் மறுநாள் நாலு பேர். மீஞ்சூர்ப் பக்கம் நடவு ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஆயா எந்த நாளிலிருந்து வரவில்லை என்பது என் ஆஜர்ப் பட்டியலில் இருந்தது. ஆனால் கடைசியாக வந்த நாளில் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. அது கடைசி என்று அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியாது.

அடுத்த வருஷம் எனக்கு நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது. நான் திரும்பிப் போகவில்லை.

அதன்பின் அந்த நிலத்துக்கு நடந்தவை எல்லாம் தேதியோடு இருக்கின்றன. 1994ல் வடசென்னை அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. 2001ல் எண்ணூர் துறைமுகம் திறந்தது. உப்பு இலாகா நிலத்தில் ஒரு பகுதி துறைமுகத்தின் கைக்குப் போனது. 2017 மார்ச்சில் பழைய அனல்மின் நிலையத்தை மூடினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. திறப்புக்கும் மூடலுக்கும் விபத்துக்கும் நாள் குறித்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த அந்த அளத்தில் கடைசியாக உப்பு எடுத்த நாளை யாரும் குறிக்கவில்லை. குறித்திருக்கவும் முடியாது. ஏதோ ஒரு வருஷம் மழை வந்திருக்கும், ஜனங்கள் நாலு நாள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள், ஜனவரியில் கூப்பிட ஆள் வந்திராது.

அந்த வருஷத்து நோட்டிலும் பாக்கிகள் இருந்திருக்கும். எடுத்துப்போகத்தான் அடுத்த நோட்டு இல்லை. கடன் அதனால் தீர்ந்ததாக அர்த்தமா என்று கணக்குப் படித்தவன் என்ற முறையில் யோசித்துப் பார்க்கிறேன். தீர்ந்ததாக எழுத எந்தப் பத்தியும் கிடையாது.