பெறுநரின் அலுமாரியில்

கடிதம் எழுதுகிறவனிடம் கடிதம் இருப்பதில்லை. முத்திரை ஒட்டித் தபாற் பெட்டிக்குள் போட்ட அந்தக் கணமே அது மற்றவனுடையதாகி விடுகிறது. நமது இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதி இப்படித்தான் நம் கையை விட்டுப் போய், கடல் கடந்த யாரோ ஒருவரின் அலுமாரியில் கிடக்கிறது.

எனது பள்ளித் தோழர் ஒருவர் 1983 இல் கணக்கு எழுதும் வேலைக்காக ரியாத் சென்றார். அக்குறணை, மடவளை, கல்ஹின்னை என்று கண்டியைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து பலரும் மத்திய கிழக்குக்குப் புறப்பட்ட காலம் அது. அங்கே தபால்காரர் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. கம்பனியின் தபாற் பெட்டி இலக்கத்துக்கே எல்லாம் போய்ச் சேரும். எழுதத் தெரியாத உம்மாமார் கெசட்டில் பேசி அனுப்பினார்கள். நாங்கள் ஏரோகிராமில் எழுதினோம். ஒற்றை நீலத் தாள். உள்ளே வேறெதுவும் வைக்க முடியாது. ஆகவே எழுத்து நுணுகும், கடைசியில் ஓரங்களிலும் ஏறும்.

பொதி அனுப்புவதென்றால் புகையிரத நிலையத்துக்கு எதிரேயுள்ள கண்டி பிரதான தபாற் கந்தோருக்குப் போக வேண்டும். பொதியை ஒட்டாமல் கொண்டுபோய், உள்ளே இருப்பதைக் காட்டிய பிறகே கட்டுவேன். பின்னர் சுங்கத்துக்கான பச்சைச் சீட்டு. என்ன பொருள், என்ன நிறை, என்ன பெறுமதி என்று எழுத வேண்டும். தோழரின் உம்மா கையால் இடித்த கறித்தூளுக்கும், வெயிலில் காயவைத்துப் பொதிந்து தந்த மாசித் துண்டுகளுக்கும் நான் என்ன பெறுமதி எழுதுவது? கடையில் விற்கும் விலையை எழுதிவிட்டு வருவேன்.

புத்தகப் பொதிக்குக் கட்டணம் குறைவு. ஆனால் அச்சிட்டதைத் தவிர அதற்குள் கடிதம் எதுவும் வைக்கக்கூடாது. இதனால் ஒரு விசித்திரமான வழக்கம் எங்களுக்குள் உருவானது. புத்தகம் கப்பலில் போகும். கடிதம் விமானத்தில் போகும். புத்தகம் போய்ச் சேரு முன்னரே அதைப்பற்றிய எனது அபிப்பிராயம் அவரிடம் போய்விடும். இரண்டு மூன்று மாதங்கள் கழித்துப் புத்தகம் கிடைத்ததும், "மச்சான், நீ சொன்னது போல் இல்லையே" என்று மறுப்பு வரும். எனது கதைகளுக்குக் கிடைத்த கறாரான விமர்சனங்கள் அந்த நீலத் தாள்களில்தான் வந்தன.

சில நூறு பிரதிகள் அச்சாகும் ஒரு சஞ்சிகைக்கு வெளிநாட்டில் விநியோகஸ்தர் ஏது? நண்பர்களே விநியோகஸ்தர்கள். எஸ்.எம். ஹனிபா அவர்கள் கல்ஹின்னை தமிழ் மன்றத்தின் மூலம் வெளியிட்ட நூல்களையும், கைக்கு வந்த சிற்றேடுகளையும் நான் இப்படித்தான் அனுப்பினேன். ரியாதில் ஓர் அறைக்குள் ஏழெட்டுப் பேர் ஒரு பிரதியைக் கைமாற்றி வாசித்தார்கள் என்று தோழர் எழுதுவார்.

கண்டிக்கு இது புதிய கதையுமன்று. எகிப்தில் ஆங்கிலேயரிடம் தோற்ற அறபி பாஷா 1883 ஜனவரியில் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். பிற்காலத்தில் கண்டியில் வாழ்ந்த அவர் 1901 இல்தான் தாயகம் திரும்பினார். அவருக்காக வழக்கறிஞர் வைத்து வாதாடச் செய்த ஆங்கிலேய நண்பர் வில்பிரட் பிளண்டுக்கு அவர் இங்கிருந்தும் கடிதங்கள் எழுதினார். 1877 இலேயே இலங்கை சர்வதேசத் தபால் ஒன்றியத்தில் சேர்ந்திருந்ததால் கடிதம் போவதற்குத் தடையில்லை. இங்கிலாந்துக்கான தபால் எகிப்தின் வழியாகவே போனது. எழுதியவர் மிதிக்க முடியாத மண்ணை அவரது கடிதம் கடந்து போனது. அறபி பாஷா பிளண்டுக்கு எழுதிய கடிதங்கள் சில இன்று வாசிக்கக் கிடைப்பதற்குக் காரணம், பெற்றவர் அவற்றைப் பேணி வைத்து, எகிப்து பற்றிய தமது 1907 ஆம் ஆண்டு நூலில் சேர்த்தமைதான்.

பேணி வைப்பதன் அருமை 2018 மார்ச்சில் எங்கள் வீட்டுக் கதையானது. திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்ட அந்த நாட்களில், திகனையிலிருந்த எனது உறவினர் ஒருவரின் வீடும் எரிந்தது. அவர் கவிதை எழுதுபவர். இருபது வருடங்களாகச் சேர்த்த சஞ்சிகைகள், சொந்தக் கவிதைகள் வெளிவந்த பக்கங்கள் எல்லாம் சாம்பல். அப்போது லண்டனில் குடியேறியிருந்த தோழருக்கு விடயத்தைச் சொன்னேன். ஆறு வாரத்தில் ஒரு தடித்த உறை வந்தது. கண்டியிலிருந்து நான் அனுப்பிய இதழ்களிலிருந்து அந்தக் கவிதைகளைத் தேடிப் பிரதி எடுத்திருந்தார். பதினேழு கவிதைகள். உறவினர் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு தாளாகத் தடவிப் பார்த்தார்.

தோழர் 2021 இல் மௌத்தானார். சில மாதங்களின் பின் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். "சாச்சா, வாப்பாட அறையில ரெண்டு பெட்டி நெறயத் தமிழ்க் கடதாசி. எனக்குப் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. வீசவும் மனசு வரல்ல. என்ன செய்ய?" என்று கேட்டாள். வீசாதே மகள் என்றேன். கடிதங்களை மூன்று பொதிகளாக அனுப்பினாள். சுங்கச் சீட்டில் "பழைய கடிதங்கள், வர்த்தகப் பெறுமதி இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

அவற்றில் 1986 ஆம் ஆண்டுத் தாளொன்றின் ஓரத்தில், கண்டியில் நடந்த ஒரு கவியரங்கில் யார் யார் வாசித்தார்கள் என்ற பட்டியல் இருந்தது. ஒன்பது பெயர்கள். அவர்களில் ஐவர் இன்று இல்லை. அந்த நிகழ்வைப் பற்றி வேறெங்கும் ஒரு வரிகூட நான் கண்டதில்லை.

2022 ஓகஸ்டில் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்தின் கட்டணமே 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவானது. வெளிநாட்டுக்கு ஓர் இதழை அனுப்பும் செலவு பல வேளைகளில் இதழின் விலையைத் தாண்டிவிடுகிறது. எனவே பிடிஎப் ஆகத் தொலைபேசிக்கு அனுப்புகிறோம். அது நொடியில் போய்ச் சேருகிறது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தொலைபேசி பழுதானால் அதுவும் போய்விடும். மகள்மார் திறந்து பார்த்துத் தயங்குவதற்கு ஒரு பெட்டி மிஞ்சாது.

நம்மில் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு நண்பர் ரியாதிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். அவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்: நான் அனுப்பியவை இன்னும் இருக்கின்றனவா? பெட்டியில் என்ன இருக்கிறதென்று பிள்ளைகளுக்குத் தெரிந்த மொழியில் மேலே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். 2005 முதல் நமது நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனத்துக்கு இதழ்களைக் கொடுக்கலாம். கடிதங்களைத் திருப்பிக் கேட்கலாம். தபாற் செலவு கூடத்தான். தோழரின் பொதிகளுக்குரிய பணத்தை மகள் வாங்க மறுத்துவிட்டாள். பதிலுக்கு இங்கிருந்து கறித்தூள் அனுப்பினேன்.