19 படிகள்

பள்ளிப் பொருட்காட்சிக்கு இவ்வாண்டு எங்கள் வகுப்புக்குக் கிடைத்த தலைப்பு "போர்க்காலத் தணிக்கை". போர்க்கப்பலென்றால் வரைந்துவிடலாம், சொல்லாமல் மறைத்ததை எப்படி வரைவது என்று சலித்துக்கொண்டோம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும், 1939-இல், பிரித்தானிய அரசு தகவல் அமைச்சகம் அமைத்துச் செய்திகளைத் தணிக்கை செய்தது. சுவரொட்டிகளையும் அச்சிட்டது. அவற்றுள் ஒன்று, "உங்கள்" துணிவும் உறுதியும் "எங்களுக்கு" வெற்றி தரும் என்றது. துன்பம் நமக்கு, வெற்றி அவர்களுக்கா என்று மக்கள் முணுமுணுத்தார்களாம். வாய்விட்டுச் சிரித்தோம். அதன்பின் படித்ததற்குச் சிரிக்க முடியவில்லை.

லண்டனின் கிழக்கே பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையம் மக்கள் பதுங்குமிடமாக இருந்தது. 1943 மார்ச் 3 இரவு அபாயச் சங்கு ஊதியது. மக்கள் இறங்கிக்கொண்டிருக்கையில், அருகிலிருந்த விக்டோரியா பூங்காவிலிருந்து நம்மவர் ராக்கெட்டுகளே சீறிப் பாய்ந்தன. அந்தப் புதிய ஓசையைக் குண்டென்று எண்ணிக் கூட்டம் முண்டியடித்தது. ஈரமான 19 படிகள். மங்கலாய் ஒரே விளக்கு. நடுவே கைப்பிடி இல்லை. கீழே ஒரு பெண் இடறி விழுந்தார். சில நிமிடங்களில் 173 பேர் நசுங்கி மாண்டனர். அவர்களில் 62 பேர் குழந்தைகள். அன்று அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை.

செய்தித்தாள்களில் ஊர்ப்பெயர் வரவில்லை. விசாரணை அறிக்கை 1945 வரை வெளியாகவில்லை. வாசலைச் சீர்ப்படுத்த நகரசபை 1941-லேயே கேட்டும் மேலதிகாரிகள் மறுத்திருந்தனர். எதிரிக்குத் தெரியக்கூடாதென்றுதான் மறைத்தார்களா? எங்களுக்குள் பெரிய வாக்குவாதம்!

அங்கே 2017-இல் முழுமையடைந்த நினைவுச் சின்னம், தலைகீழாய் நிற்கும் ஒரு படிக்கட்டு. அதை வரைந்துகொண்டிருந்தபோது எங்களில் ஒருத்தி மெல்லக் கேட்டாள், "ஆகஸ்டில் நாம் என்ன செய்தோமடி?"

மழை நாளொன்றில், மணி அடித்ததும் மாடிப்படியில் நாங்கள் முண்டியடித்தோம். பாட்டு வகுப்பு முடிந்து வந்த ஆறாம் வகுப்புச் சிறுமி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். "ஓடி வந்தாள் சிஸ்டர், வழுக்கிவிட்டது" என்று ஒரே வாயாய்ச் சொன்னோம். கைக்கட்டோடு திட்டும் வாங்கினாள் அவள்.

மறுநாள் காலை ஜெபத்துக்கு முன்பே தலைமைச் சகோதரியின் அறை வாசலில் நின்றோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாதிருந்தார்.

"அவளிடம் சொன்னீர்களா?"

சொல்லவில்லை. ஆறாம் வகுப்பு கீழ்த்தளத்தில். ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கினோம்.