2 பவுனும் 150 பவுண்டும்

பி.காம். படித்தவனிடம் யாரும் ஆயில் விஷயத்தில் யோசனை கேட்கக் கூடாது. என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்!

கடலூர் ஓ.டி.யில் அவருக்கு ஒரு பஞ்சர் கடை. அக்காவின் 2 பவுன் செயினை அடகு வைத்து வாங்கிய ஏர் கம்ப்ரஸர்தான் கடைக்கு மூலதனம். மாசக் கடைசியில் கணக்கு எழுதுவது நான். சம்பளம்? அக்கா வைக்கிற மீன் குழம்பு.

ஒரு மாசம் நோட்டில் 'கம்ப்ரஸர் ஆயில்' என்று ஒரு செலவைப் பார்த்ததும், எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆடிட்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் மாமா, பைக்குக்கு ஊத்துற ஆயில் அலமாரியில சும்மாத்தானே கிடக்கு? அதையே ஊத்தினா என்ன? ஆயில்னா ஆயில்தானே?"

படித்த மச்சினன் சொன்னால் தப்பாக இருக்குமா? ஊற்றிவிட்டார்.

ஆறு மாசம் போனது. முன்னெல்லாம் ஒரு டீ குடிப்பதற்குள் நிரம்பிய டாங்க், இப்போது டீ, வடை, பேப்பரில் ராசிபலன் வரை முடிந்தும் நிரம்பவில்லை. பக்கத்தில் போனாலே அனல். ஒரு நாள் 'டக்... டக்...' என்று ரெண்டு இருமல். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வெறும் கழுத்தை ஒரு தரம் தடவிக்கொண்டாள். நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

கம்ப்ரஸர் ஹெட்டைக் கழற்றிச் சாக்கில் கட்டி, சிதம்பரம் பஸ் ஏறினேன். அங்கே தெரிந்த மெக்கானிக் ஒருவர், பெரியவர். பிரித்துப் பார்த்தார். வால்வு முழுக்கக் கரி.

"என்ன ஆயில் ஊத்தினீங்க தம்பி?"

சொன்னேன். சிரித்தார்.

"கெட்டி ஏறக்குறைய ஒண்ணுதான். குணம் வேற. பைக் ஆயில்ல சோப்பு மாதிரி ஒரு மருந்து கலந்திருப்பான். அழுக்கைப் படிய விடாம அது மிதக்க வைக்கும். ஆயில் மாத்தும்போது எல்லாம் சேர்ந்து வெளியே போயிடும். ஆனா அதே மருந்து தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்கும். உங்க ஊர் கடல் காத்துல ஈரத்துக்குப் பஞ்சமா? காத்தை அமுக்கினா தண்ணிதான் வரும். ஆயில் மோராயிடும். கம்ப்ரஸர் ஆயில் தண்ணியைத் தனியா பிரிச்சு விட்டுடும்."

"கரி ஏன் வந்தது?"

"காத்தை அமுக்க அமுக்க சூடு 150 டிகிரியைக்கூடத் தாண்டும். தோசைக்கல் ஓரத்துல எண்ணெய்ப் பிசுக்கு காய்ஞ்சு கருகும் இல்லே, அதேதான். அந்தக் கரி தணலாச்சுன்னா குழாய்க்குள்ளயே தீப்பிடிக்கும். டாங்க்ல எவ்வளவு பிரஷர்?"

"150 பவுண்டு."

"பக்கத்துல யாரு உக்காருவா?"

"மாமா."

எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அடகுக் கடையில் இருக்கும் 2 பவுனை மீட்டுவிடலாம். அந்த 150 பவுண்டு வெடித்திருந்தால்?

பெரியவர் ஒரு டப்பாவைக் காட்டினார். 'வி.ஜி. 100' என்று போட்டிருந்தது.

"40 டிகிரி சூட்டுல ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்ற நம்பர் இது. நம்ம வெயிலுக்கு, பெல்ட் ஓடுற பிஸ்டன் கம்ப்ரஸருக்குப் பெரும்பாலும் 100. குளிர் ஊர்னா 68. ஆனா மெஷினோட வந்த புக்குல என்ன போட்டிருக்கோ, அதுதான் கடைசி வார்த்தை. பழசை முழுக்க வடிச்சுட்டு ஊத்துங்க. கலக்காதீங்க."

ஆயிலில் நான் மிச்சம் பிடித்தது சுமார் 200 ரூபாய். ரிப்பேர் பில் 4,800 ரூபாய். பற்று எது, வரவு எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பில்லை நானே கட்டினேன்.

இப்போதெல்லாம் மாமா சாயங்காலம் கடை கட்டும்போது டாங்க்குக்கு அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வடிக்கிறார். காலையில் கண்ணாடியில் ஆயில் பாதிக்கு நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்விட்ச்.

நோட்டில் 'கம்ப்ரஸர் ஆயில்' வந்தால் ஒரு டிக் போடுவதோடு சரி. நான் வாயைத் திறப்பதில்லை.

மீன் குழம்புக்கு மட்டும் திறக்கிறேன்.