இரைச்சலுக்குள் ஒரு குரல்

வளைகுடாவில் பதினான்கு ஆண்டுகள் உழைத்த என் வாப்பா, பல வேளைகளில் கடிதத்திற்குப் பதிலாக ஒலிநாடாவில் பேசி அனுப்புவார். ஊருக்கு வருவோர் கொண்டுவந்து தரும் அந்த நாடாவைச் சுற்றி வீடே அமர்ந்து கேட்கும். இன்று வாப்பா இல்லை. நாடாக்கள் நைந்து போவதற்குள் அவற்றைக் கணினியில் ஏற்றிவிட முனைந்தேன்.

கூடத்திலிருந்த ஆம்ப்ளிஃபயரையும் அறையிலிருந்த கணினியையும் நீண்ட வயரால் இணைத்தேன். உடனே ‘ம்ம்ம்’ என்றோர் ஓயாத இரைச்சல் எழுந்து, வாப்பாவின் குரலை மூழ்கடித்துவிட்டது.

வானொலி பழுதுபார்க்கும் நண்பரிடம் கூறினேன். “ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் மூன்றாவது பின்னை நீக்கிவிடுங்கள் பாய், சத்தம் நின்றுவிடும்” என்றார். நிற்கக்கூடும்தான். ஆனால் அந்தப் பின் ‘எர்த்’ அல்லவா? உள்ளே மின்சாரம் கசிந்து உலோகப் பெட்டியில் ஏறினால், அதை நிலத்திற்குக் கடத்தி, ஃபியூஸ் எரியச் செய்து நம்மைக் காப்பது அதுவே. அதை நீக்கிய பின், என் உம்மா ஈரக்கையால் பெட்டியைத் தொட்டால் என்னவாகும்? எண்ணவே நெஞ்சு நடுங்கிற்று. காரணத்தையே தேடுவது என்று முடிவு செய்தேன்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அந்த அலைவே இரைச்சலாகக் கேட்கிறது. இணைப்பு வயரைக் கழற்றினேன், அமைதி. ஆகவே பழுது ஆம்ப்ளிஃபயருக்குள் இல்லை. கழற்றிய பின்னும், ஒலியளவைக் குறைத்தும் இரைச்சல் மாறாதிருந்தால், பெரும்பாலும் உள்ளிருக்கும் பழைய ஃபில்டர் கண்டென்சர் வலுவிழந்திருக்கும். அதை மாற்றுவது தேர்ந்தவர் பணி.

எங்கள் வீட்டில் நிகழ்ந்தது வேறு. இரு கருவிகளும் வெவ்வேறு சுவர்ப் பிளக்குகளின் வழியே எர்த்துடன் இணைந்திருந்தன. இடையிலிருந்த வயரின் வெளியுறை அவ்விரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிட்டது. இரு எர்த்துகளுக்கும் இடையிலிருந்த சிறு மின்னழுத்த வேறுபாடு அவ்வளையத்தில் மின்னோட்டத்தைச் செலுத்த, அது ஒலியோடு கலந்துவிட்டது.

கணினியைக் கூடத்திற்குக் கொணர்ந்து, இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகி, குட்டையான வயரால் இணைத்தேன். இரைச்சல் அடங்கிற்று. அப்போதும் அடங்காவிடில், ஒலி வயருக்கு இடையே பொருத்தும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. எர்த்தைத் தொடவே வேண்டியதில்லை.

நாடா சுழன்றது. உம்மா அருகே வந்து அமர்ந்தார். தெளிந்த குரலில் வாப்பா சொன்னார்: “தம்பி, உம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.”