செண்பகனூர்க் குளிரும் மூன்றடுக்கு உடையும்

சமவெளியிலிருந்து கொடைக்கானல் மலைக்குப் புறப்படுகிறவர்களில் இரு வகையினர் உண்டு. குளிரைப் பொருட்படுத்தாமல் ஒற்றை மல் சட்டையோடு கிளம்புகிறவர்கள் ஒரு வகை. கனத்த கோட்டொன்றை அடிவாரத்திலேயே மாட்டிக்கொள்கிறவர்கள் மற்றொரு வகை. செண்பகனூரைத் தாண்டுவதற்குள் இருவரும் அவதிப்படுகிறார்கள்.

கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மலைப்பாதையில் ஏறினால், கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது செண்பகனூர். 1895-இல் ஏசு சபையார் நிறுவிய திரு இருதயக் கல்லூரியும் இயற்கைப் பொருட்காட்சிசாலையும் இவ்வூருக்குப் பெயர் தந்தவை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி செல்ஸியஸ் உஷ்ணம் குறையும் என்பது கணக்கு. ஆகவே காலையில் விசிறி தேடிய உடம்பு மாலையில் கம்பளி தேடுகிறது.

நாம் அங்கிருந்து கொடைக்கானலுக்கு நடந்தே சென்றோம். சிறிது தூரம் ஏறியதுமே முதுகெல்லாம் வியர்வை. ஒரு வளைவில் இளைப்பாற நின்றபோது, பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து பாதையை மறைத்தது. பல் கிட்டத் தொடங்கியது. மலையில் மனிதனை மடக்குவது வெறுங் குளிரன்று. நனைந்த துணிமேல் வீசும் காற்றே.

இதற்கு மலையேறுவோர் கண்ட உபாயம் அடுக்காக உடுத்துவது. உடலைத் தொடும் ஆடை வியர்வையை வெளியே கடத்த வேண்டும். மெல்லிய கம்பளி இதற்கு ஏற்றது. பருத்தியோ ஈரத்தை எளிதில் விடாது. இரண்டாவது, தடித்த கம்பளிச் சட்டை. அதன் இழைகளிடையே அசையாது நிற்கும் காற்றுத்தான் நம் உடற்சூட்டைக் காக்கிறது. மூன்றாவது, காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேலங்கி. கதர் உடுத்துவோர் கவலைப்பட வேண்டியதில்லை. கையால் நூற்று நெய்த கம்பளியும் கதரே.

1924-இல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரியின் உடல் 1999-இல் கண்டெடுக்கப்பட்டபோது, அவரும் மெல்லிய ஆடைகளை இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்திருந்தது தெரிந்தது. அவற்றைப் போலவே செய்த உடைகளை 2006-இல் அம்மலையில் உடுத்திப் பார்த்தார்கள். அவை இலேசாகவும் கதகதப்பாகவும் இருந்தனவாம்.

அடுக்கின் சூட்சுமம் வேளையறிந்து கழற்றுவதிலும் அணிவதிலும் இருக்கிறது. வியர்க்குமுன் ஒன்றைக் கழற்றவேண்டும், நின்றவுடன் அணியவேண்டும். குழந்தைகளோடு செல்வோர் இன்னொன்றையும் மறக்கலாகாது. ஏறி நடக்கிற தகப்பனாருக்கு வியர்க்கும். அவர் தோள்மீது அசையாமல் அமர்ந்திருக்கும் குழந்தைக்கோ குளிரும். தம் உடம்பைக் கொண்டு அதன் குளிரை அளப்பது தவறு. அவ்வப்போது அதன் கையையும் காலையும் தொட்டுப் பார்ப்பதே சரி.