மேகம் தங்கும் பழங்காடு

பிரியாணிச் சட்டியில் நெய் காய்ந்ததும் நம் இல்லத்தரசிகள் முதலில் இடுவது பட்டையும் பிரிஞ்சி இலையும். இவ்விரண்டும் லாரல் என்னும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சார்ந்தவை. அக்குடும்பத்து மரங்கள் ஒன்றுகூடி மலைமலையாய் வளர்ந்து நிற்கும் காடொன்று அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே இருக்கின்றது. வாசகப் பெருமக்களே, இத்திங்கள் உங்களை அங்கே அழைத்துச் செல்ல விழைகின்றேன்.

மொராக்கோ கரைக்கு மேற்கே சுமார் 700 கி.மீ. தொலைவில் உள்ளது மதீரா தீவு. போர்த்துகல் நாட்டைச் சேர்ந்தது. மதீரா என்றால் அவர்கள் மொழியில் மரம் என்று பொருள். தீவின் ஐந்தில் ஒரு பங்கில், ஏறத்தாழ 15,000 ஹெக்டேரில், இக்காடு இன்றும் பரந்துள்ளது. உலகில் எஞ்சியுள்ள லாரல் காடுகளில் மிகப் பெரியது இதுவே. 1999-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தென் ஐரோப்பாவெங்கும் இத்தகைய காடுகளே செழித்திருந்தன. பின்னர் பனியூழிகள் வந்தன. வறட்சியும் சேர்ந்துகொள்ள, பெருநிலத்தில் அவை மறைந்தொழிந்தன. கடல் சூழ்ந்த சில தீவுகளின் மிதமான தட்பவெப்பத்தில் மட்டும் அவற்றின் வழித்தோன்றல்கள் பிழைத்தன. அழிவின் நடுவே ஒரு மூலையில் உயிரைப் பாதுகாத்து வைக்கும் இறைவனின் ஏற்பாட்டை என்னவென்று வியப்பது!

குழந்தைகளோடும் பெரியவர்களோடும் செல்வோர்க்கு ரிபெய்ரோ ஃபிரியோ என்னும் சிற்றூர் ஏற்ற இடம். அங்கிருந்து ஒரு நீர்க்காலை ஒட்டிய சமமான பாதையில் சுமார் ஒன்றரைக் கி.மீ. நடந்தால் பல்கோயிஷ் என்னும் காட்சிமுனையை அடையலாம். இருபுறமும் பாசி படர்ந்த அடிமரங்கள், பெரணிகள், பளபளக்கும் தடித்த இலைகள். தில் என்றொரு மரம் உண்டு. நிற்கும்போது கம்பீரமாக இருக்கும். வெட்டினாலோ கெட்ட நாற்றம் வீசும். ஃபனால் என்னும் மேட்டு நிலத்தில் பல நூற்றாண்டு கண்ட தில் மரங்கள் மூடுபனியில் முதியவர்களைப் போல வளைந்து நிற்பதைக் காணலாம். அச்சம் வேண்டாம், இத்தீவில் பாம்புகள் இல்லை. வௌவால்களைத் தவிர, இங்கே இயற்கையாய்த் தோன்றிய நிலவாழ் பாலூட்டிகளும் இல்லை.

காட்சிமுனையில் சின்னஞ்சிறு குருவிகள் அச்சமின்றி உங்கள் கையருகே வந்து அமரும். சில கிராம் எடையே உள்ள, உச்சியில் நெருப்பு நிறக் கோடு தாங்கிய ஒரு குருவியும் உண்டு. பள்ளத்தாக்கை உற்று நோக்கினால் துரோக்காஸ் புறாவைக் காணும் பேறு கிட்டலாம். இத்தீவையன்றி உலகில் வேறெங்கும் இப்புறா இல்லை. லாரல் கனிகளைத் தின்று விதைகளைக் காடெங்கும் பரப்புவது அதுவே. பயிரைத் தின்கிறது என்று உழவர்கள் அதனை வெறுத்தனர். வேட்டையில் அதன் இனம் அருகியது. 1986-ல் வேட்டை தடை செய்யப்பட்ட பின்னரே எண்ணிக்கை பெருகிற்று. உழவரின் முறையீடு இன்றும் ஓயவில்லை. ஏழையின் முட்டைக்கோசுப் பாத்தியும் பொய்யன்று, புறாவின் பசியும் பொய்யன்று.

இக்காட்டின் பெரும்பணி நீர் தருவதாகும். வடகிழக்கிலிருந்து வீசும் தடக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து மலைமேல் ஏறுகிறது, மேகமாகிறது. மழையே பெய்யாத நாளிலும் இலைகளில் படிந்த மூடுபனி துளித்துளியாய்ச் சொட்டி, மண்ணில் இறங்கி, ஊற்றாய்ப் புறப்படுகிறது. ஈரமான வடக்கிலிருந்து வறண்ட தெற்கிற்கு அந்நீரைக் கொண்டு செல்லும் கால்வாய்களை லெவாடா என்பர். ஆயிரம் கி.மீ.க்கும் மேல் நீளும் இக்கால்வாய்கள் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டவை. நம் ஏரிப்பாசன ஊர்களின் நீர்க்கட்டியைப் போல், அங்கும் மணிக்கணக்கில் முறைவைத்து நீர் பங்கிட ஆள் உண்டு.

அங்கே ளுஹர் நேரம் வந்தால் ஒளுவுக்கு நீர் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் கால்வாயினுள் கைகால்களைக் கழுவாதீர்கள். கீழே ஒருவர் அதனைத் தம் பங்காக எதிர்நோக்கியிருப்பார். சிறு குவளையில் மொண்டு, ஓரமாய் அமர்ந்து ஒளுச் செய்யுங்கள். ஓடும் ஆற்றிலும் நீரை வீணாக்கலாகாது என்பது நாம் சிறுவயதில் மதரஸாவில் கற்ற பாடமல்லவா? நம் ஊரில் மேற்கு நோக்கித் தொழும் நாம், அங்கே கிழக்கு நோக்கி நிற்கிறோம்.

அவ்வாறு நிற்கையில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1420-ஆம் ஆண்டையொட்டிப் போர்த்துகீசியர் இங்கே குடியேறினர். நிலம் திருத்தக் காட்டுக்குத் தீயிட்டனர். அது ஏழாண்டுகள் எரிந்ததாகப் பழங்கதை. கதை மிகையாகலாம், தெற்குச் சரிவின் காடு அழிந்தது மெய். பிறகு கரும்பு வந்தது. கிழக்கிலிருந்து அரபு முஸ்லிம்கள் சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் கொண்டு சென்று வளர்த்த அதே கரும்புதான். பாகு காய்ச்ச மேலும் மரங்கள் வெட்டுண்டன. தோட்டங்களிலும் கால்வாய்ப் பணிகளிலும் அடிமைகள் உழைத்தனர். கானரித் தீவின் பூர்வகுடிகளும் கறுப்பின மக்களும் மட்டுமல்லர், வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களுடைய பெயர்களை எந்தக் கல்லும் தாங்கியிருக்கவில்லை. இந்த நீரில் ஒளுச் செய்து, இதே கிழக்குத் திசையை நோக்கி மறைவில் தொழுதவர் யாரேனும் இருந்திருக்கலாம். தொழுத பின் அவர்களுக்காக ஒரு துஆச் செய்யுங்கள்.

2024 ஆகஸ்டில் இத்தீவின் மலைகளில் பரவிய காட்டுத்தீ 5,000 ஹெக்டேருக்கும் மேல் எரித்தது. ஈரம் செறிந்த லாரல் காடு எளிதில் பற்றாது; பிற்காலத்தில் நட்ட யூக்கலிப்டஸ் தோப்புகளே விரைந்து எரிவன. ஒன்றரைக் கோடி ஆண்டுகால அமானிதத்தை மாற்றி நடுவதற்கு மனிதனிடம் நாற்று இல்லை. காப்பது ஒன்றே வழி.

அடுத்த முறை பிரிஞ்சி இலையைக் கையில் எடுக்கும்போது அதன் உறவினர்களை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மதீரா செல்லும் வாய்ப்பு எல்லோர்க்கும் அமையாது. ஆனால் ஒளுவின்போது குழாயைச் சற்றே மூடி வைக்கும் வாய்ப்பு நாள்தோறும் ஐந்து வேளையும் நமக்கு இருக்கிறது. அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக!